அக்கார்டியன் இசைவாணர் அமடே ஆர்டுவான்

மண்டகப்பட்டுக் குன்றில் குடைந்த கோயிலை நம் இளைஞர் யாவரும் அறிவர். செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதை இன்றி இக்கோயிலை ஆக்குவித்தவன் விசித்திரசித்தன் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அறிவிக்கின்றது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் விருதுப் பெயர் அது. ஆக்குவித்தவன் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அழியாமல் நிற்கின்றது. உளி பிடித்துக் குடைந்தவர்களில் ஒருவர் பெயரும் அக்கல்வெட்டில் இல்லை. அக்குன்றை நாள்தோறும் பார்த்து வளர்ந்த நமக்கு, செய்தவர் பெயர் மறைந்து செய்பொருள் மட்டும் நிலைத்த வரலாறுகளைக் கேட்கும்போது செவி தானே சாய்கின்றது. அவ்வகை வரலாறு ஒன்றினையே நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில் எழுதப் புகுகின்றோம். அது கடல் கடந்த நாட்டினர் ஒருவருடையது. ஆயினும் அவர் கையிலிருந்த கருவி நம் கூத்துக் களரிக்கு அந்நியமானதன்று.

செஞ்சி, விழுப்புரம் வட்டாரத்துத் தெருக்கூத்தில் மத்தளமும் தாளமும் முகவீணையும் ஒலிக்கும் இடத்தில் ஆர்மோனியப் பெட்டி ஒன்றும் இருப்பதை அறிவோம். துருத்தியால் காற்று ஊட்ட, அக்காற்று மெல்லிய உலோக நாக்குகளை அதிரச் செய்ய, சுரம் பிறக்கின்றது. அக்கார்டியனும் இதே முறையில் இயங்குவதுதான். ஆர்மோனியத்தைத் தரையில் வைத்து ஒரு கையால் துருத்தி போட்டு மறு கையால் வாசிக்கின்றோம். அக்கார்டியனையோ மார்போடு அணைத்துக்கொண்டு, இரு கைகளாலும் துருத்தியை விரித்தும் நெருக்கியும், விரல்களால் பொத்தான்களை அழுத்தியும் வாசிப்பர். அப்பெயரோடு ஒரு கருவியை 1829ஆம் ஆண்டில் வியன்னா நகரில் சிரில் டெமியன் என்பார் பதிவு செய்தார். அன்று தொட்டு அது கப்பல் மாலுமிகள் கையிலும், பிழைப்புத் தேடிப் புலம்பெயர்ந்தோர் மூட்டையிலும் ஏறி உலகெங்கும் பரவிற்று. பிரேசில், கொலம்பியா, மெக்சிகோ முதலிய நாடுகளின் நாட்டுப்புற இசையை இன்று அக்கார்டியன் இல்லாமல் எண்ணிப் பார்க்க இயலாது. சென்னைத் திரையிசைக் குழுக்களிலும் 1950களிலும் 1960களிலும் அதற்குத் தனி இடம் இருந்தது.

இத்துணைப் பேர் இக்கருவியின்மேல் பித்துக் கொண்டது ஏன்? காரணம் மிக எளியது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஐம்பது பேர் காலைத் தட்டி ஆடும் வீட்டினுள்ளே பிடிலின் ஒலி அமுங்கிப்போகும். அக்கார்டியனின் ஒலி அமுங்காது. ஒருவரே பாட்டின் மெட்டையும் அதன் அடிச்சுரத்தையும் தாளத்தையும் தரலாம். தோளில் மாட்டிக்கொண்டு காத தூரம் நடக்கலாம். ஈரத்திலும் வெயிலிலும் நரம்பைப் போல் சுருதி இறங்காது. கூலிக்காரனும் காசு சேர்த்து வாங்கலாம். உயர்ந்தோர் அவை இதனை வெகுகாலம் மதிக்கவில்லை என்பதும் உண்மை. இதன் உறவான ஆர்மோனியத்தையே அகில இந்திய வானொலி 1940 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தது. அக்காலத்திலும் நம் கூத்து மேடைகளில் அது ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கோடியில் லூசியானா என்னும் மாநிலம் உள்ளது. ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தமையால் அங்குள்ள சிற்றூர்களில் பிரெஞ்சு மொழி வீட்டு மொழியாக நிலைத்தது. அம்மொழி பேசிய வெள்ளையருள் பெரும்பாலோர் கேஜன் எனப்பட்டனர். அதே மொழி பேசிய கறுப்பின மக்கள் கிரியோல் எனப்பட்டனர். கறுப்பின மக்களின் முன்னோர் கரும்பு, பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் 1865இல் அடிமை முறை ஒழிந்தது. ஒழிந்த அடிமைத்தனத்தின் இடத்தில் தீண்டாமை வந்தமர்ந்தது. இரயிலில் கறுப்பருக்குத் தனிப் பெட்டி என்று லூசியானா 1890இல் சட்டம் செய்தது. அதனை எதிர்த்து ஓமர் பிளெசி என்பார் தொடுத்த வழக்கில், பிரித்து வைத்தல் குற்றமன்று என 1896இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளி, உணவகம், மருத்துவமனை, இடுகாடு என எல்லாம் இரண்டாகப் பிரிந்தன. ஊரும் சேரியும் என்று பிரிந்த நிலத்தில் பிறந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அத்தீர்ப்பு வந்து இரண்டாண்டு கழித்து, 1898ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் அமடே ஆர்டுவான் பிறந்தார். தென்மேற்கு லூசியானாவில் யூனிஸ், மாமூ முதலிய சிற்றூர்களைச் சூழ்ந்த வயல்வெளியே அவர் வாழ்ந்த நிலம். அடிமைகளின் வழிவந்த குடும்பம். பிறர் நிலத்தில் வாரத்துக்கு உழும் குடும்பம். நம் அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கு நகரில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற நாள்களில், அதே நாட்டின் மறுகோடியில் ஆர்டுவான் பதினைந்து, பதினெட்டு வயது இளைஞராய் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராய்த் திரிந்துகொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பிரெஞ்சு ஒன்றே அவர் மொழி. வயல் வேலையில் அவருக்கு நாட்டம் இல்லை. சோம்பேறி என்று சிலர் பழித்தனராம். கலைஞனைச் சோம்பேறி என்பது எந்நாட்டிலும் உள்ள வழக்கமே. அதிலும் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவன் மண்வெட்டியை விட்டு வேறொன்றைக் கையில் எடுத்தால் அப்பழி இருமடங்காகும்.

சிறிய உருவம். மணம் செய்துகொள்ளவில்லை. மாவுச் சாக்கு ஒன்றில் அக்கார்டியனைப் போட்டு முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு, நடந்தும், குதிரையேறியும், வண்டி கிடைத்தால் வண்டியிலும் செல்வார். தொண்டை வறளாதிருக்கச் சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார் என்றும் சொல்வர். சனிக்கிழமை இரவுகளில் அந்நாட்டு மக்கள் ஒரு வீட்டில் கூடித் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, விடிய விடிய ஆடுவர். வெள்ளையர் வீட்டு ஆட்டத்துக்கும் ஆர்டுவானே வேண்டும். கறுப்பர் வீட்டு ஆட்டத்துக்கும் ஆர்டுவானே வேண்டும்.

அவர் வாசித்த கருவியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இன்று மேடைகளில் காணும், பியானோக் கட்டைகள் வரிசையாய் அமைந்த பெரிய அக்கார்டியன் அன்று அது. ஜெர்மனியில் செய்யப்பட்டு அமெரிக்கச் சந்தைக்கு வந்த சிறு பெட்டி. வலக்கைக்குப் பத்தே பொத்தான்கள், இடக்கைக்கு இரண்டு. ஒரு பொத்தானை அழுத்தித் துருத்தியை நெருக்கினால் ஒரு சுரம். அதே பொத்தானை அழுத்தித் துருத்தியை விரித்தால் வேறொரு சுரம். ஆர்மோனியம் வாசிப்போர்க்கு இது வியப்பாக இருக்கும். நம் பெட்டியில் துருத்தி காற்றுக்கு மட்டுமே. அப்பெட்டியில் துருத்தியே பாதி வாசிப்பு. எல்லாச் சுரங்களும் அதில் இல்லை. இல்லாத சுரத்தைத் தாண்டிச் செல்லவும், துருத்தியைத் திருப்பும் ஒவ்வோர் இடத்தையும் தாள வெட்டாக மாற்றவும் அறிந்தவனே அதில் வல்லவன். ஆர்டுவான் அதில் வல்லவருள் வல்லவர்.

அவர் வாசிப்பை இன்று கைப்பேசியிலேயே கேட்கலாம். நம்மூர்க் கூத்தில் நெடுநாள் ஆர்மோனியம் வாசித்த பெரியவர் ஒருவருக்கு ஒருநாள் மாலை அதனைப் போட்டுக் காட்டினோம். எத்தனை பேர் வாசிக்கின்றனர் என்பதே அவர் முதலில் கேட்டது. இருவர்தாம் என்றோம்: பெட்டியும் பாட்டும் ஒருவர், பிடில் மற்றொருவர். அவர் நம்பவில்லை, மீண்டும் போடச் சொன்னார். காற்றை மாற்றும் இடத்தில்தான் அடி விழுகின்றது என்று கண்டுபிடித்துச் சொன்னவரும் அவரே. பாட்டின் பொருள் அவருக்கும் புரியவில்லை, நமக்கும் புரியவில்லை. ஆயினும் அது மகிழ்ச்சிப் பாட்டன்று என்பதை அவர் உடனே உணர்ந்துகொண்டார். ஆர்டுவானின் குரல் மேல் சுரத்தில் நின்று நீண்டு அழுவதுபோல் வரும். நம் வீட்டுப் பெண்களின் ஒப்பாரியை அது நினைவூட்டும். தாயில்லாப் பிள்ளை, வீடற்றவன், கைவிடப்பட்டவன், தொலைவழியில் திரிபவன் ஆகியோரே அவர் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகின்றனர். அடிகளை அவ்வப்போதே கட்டிப் பாடுவார். அந்த அழுகைக்குத்தான் கேட்டோர் எழுந்து ஆடினர் என்பது எண்ணத்தக்கது.

டெனிஸ் மக்கீ என்னும் பிடில் வாசிப்பவர் அவருக்குத் துணையாய் அமைந்தார். 1893இல் பிறந்த மக்கீ வெள்ளையர். அவரும் வாரத்துக்கு உழுதவர். இருவரும் ஒரே நிலக்கிழாரின் நிலத்தில் இருந்த காலம் உண்டு. இருவர் இசையையும் விரும்பிய அந்நிலக்கிழார் ஆட்டங்களில் வாசிக்குமாறு அவர்களை ஊக்கினார். இரயிலில் ஒரே பெட்டியில் அமர முடியாத இருவர் ஒரே பாட்டில் அமர்ந்தனர். 1929ஆம் ஆண்டு திசம்பர் 9ஆம் நாள் நியூ ஆர்லியன்சு நகரில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக இருவரும் ஆறு பாட்டுகளைப் பதிவு செய்தனர். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த தட்டு அந்நாளில் அரிது. இசைத்தட்டில் நிறம் தெரியாதல்லவா! மறு ஆண்டு அதே நகரில் வேறொரு நிறுவனத்துக்குப் பத்துப் பாட்டுகள். 1934 ஆகத்தில் டெக்சாசு மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில் ஆறு.

அவ்வாண்டு திசம்பரில் ஆர்டுவான் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நியூயார்க்குக்குச் சென்றார். உடன் பிடில் இல்லை. 22ஆம் நாள் தனியொருவராய்ப் பன்னிரண்டு பாட்டுகளை டெக்கா நிறுவனத்துக்காகப் பாடி வாசித்தார். ஆங்கிலம் அறியாத, சட்டம் ஒதுக்கி வைத்த ஒரு குடியானவர் மகன், அப்பெருநகரில் ஒரு பெட்டியின் முன்னிலையில் நின்று தம் ஊர் மொழியில் பாடிய அந்நாளை நினைக்கின்றபோது நமக்கு மெய் சிலிர்க்கின்றது. அவர் குரல் தட்டில் ஏறியது அதுவே கடைசி. நான்கு அமர்வுகளிலும் சேர்த்து மொத்தம் முப்பத்து நான்கு பாட்டுகள்; ஒவ்வொன்றும் மூன்று நிமிட அளவு. அவர் வாழ்ந்ததற்குச் சான்றாக இன்று நம் கையில் உள்ளவற்றுள் இதனினும் பெரியது வேறில்லை.

அடுத்துச் சொல்ல வேண்டியது துன்பமானது.

1930களின் பிற்பகுதியில் ஓரிரவு, யூனிஸ் நகருக்கு அருகே வெள்ளையர் ஒருவர் வீட்டில் ஆர்டுவான் வாசித்துக்கொண்டிருந்தார். கடும் புழுக்கம். முகத்தில் வழிந்த வியர்வை கண்ணில் இறங்கியது. இரு கைகளும் அக்கார்டியனில் இருந்தன. துடைக்க ஒரு துணி வேண்டும் என்றார். அவ்வீட்டுப் பெண் தன் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதனை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நடந்தது இவ்வளவே. வெள்ளைப் பெண்ணின் கைக்குட்டை கறுப்பன் முகத்தில் பட்டதைப் பொறாத இருவர், ஆட்டம் முடிந்து அவர் தனியே நடந்து சென்றபோது பின்தொடர்ந்து அடித்து வீழ்த்தினர். மோட்டார் வண்டியை அவர்மேல் ஏற்றிப் பள்ளத்தில் விட்டுச் சென்றனர். தொண்டை நசுங்கியது. உயிர் போகவில்லை, குரல் போயிற்று. சிறிது சிறிதாக அறிவும் தடுமாறியது.

தோளில் கிடக்கும் துண்டை ஊர்த்தெருவில் இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்ட பாட்டனாரை அறிந்தோர் நம்மிடையே இன்னும் உளர். ஒரு முழத் துணி எங்கே இருக்க வேண்டும், எவன் கையில் எவர் துணி படலாம் என்பதை உயிர் வாங்கும் செய்தியாக்கியவர்கள் இரு கண்டங்களிலும் இருந்தனர்.

இந்நிகழ்ச்சி எழுத்தில் பதிந்த வழக்கன்று. ஆர்டுவானின் சுற்றத்தாரும், அவரை நேரில் கேட்டு வளர்ந்த கான்ரே பான்டனோ என்னும் கறுப்பினப் பிடில் கலைஞரும் சொல்லி வந்தது. மக்கீ வேறொன்று சொன்னார்: பொறாமை கொண்ட ஓர் இசைக்காரன் நஞ்சு வைத்தான் என்பது அவர் கூற்று. வெள்ளையரான மக்கீ வெள்ளையர்மேல் அப்பழியைச் சொல்லத் தயங்கியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகின்றது. ஆனால் நண்பரை அவர் இறுதிவரை உயர்த்தியே பேசினார் என்பதையும் மறைத்தல் முறையன்று. எவ்வாறாயினும் பின்னர் நிகழ்ந்தது ஏட்டில் உள்ளது. 1942ஆம் ஆண்டு ஆர்டுவான் பைன்வில் என்னும் ஊரிலுள்ள அரசு மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் அங்கேயே இறந்தார். வயது நாற்பத்து நான்கு. மருத்துவமனை இடுகாட்டில் கறுப்பருக்கென்று ஒதுக்கிய பகுதியில், பெயர் பொறிக்காத குழியொன்றில் புதைக்கப்பட்டார்.

அந்நாளில் அக்கார்டியனே வழக்கொழியும் நிலையில் இருந்தது. வானொலியும் எண்ணெய்க் கிணறுகளும் ஆங்கிலத்தைக் கொண்டுவந்தன. 1921இன் லூசியானா அரசியலமைப்பு பள்ளிகளில் ஆங்கிலம் ஒன்றே பயிற்றுமொழி என விதித்தமையால், பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். அம்மொழிப் பாட்டும் அக்கருவியும் பட்டிக்காட்டுத்தனம் என இளைஞர் நாணினர். கம்பிக் கருவிக் குழுக்கள் ஓங்கின. போர் மூண்டதும் ஜெர்மானியப் பெட்டிகளின் வரவும் நின்றது.

ஆயினும் அக்கருவி அழியவில்லை. ஆர்டுவானின் பாட்டும் அழியவில்லை. ஐரி லெஜூன் என்னும், கண்பார்வை மிகக் குறைந்த வெள்ளை இளைஞர் ஆர்டுவானின் தட்டுகளைக் கேட்டுக் கேட்டே பயின்றவர். 1948இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டு, போரிலிருந்து திரும்பி ஊர் நினைவோடிருந்த மக்களைப் பற்றிக்கொண்டது. அக்கார்டியன் மீண்டும் ஆட்டக் கூடங்களுக்கு வந்தது. லேக் சார்லசு நகரில் சிட்னி பிரவுன் என்பார் பழுதடைந்த பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துத் தாமே புதியன செய்யத் தொடங்கினார். அவர் வழியில் லூசியானாவிலேயே அக்கார்டியன் செய்வோர் பலர் தோன்றினர். அடிபட்டு வீழ்ந்த கறுப்பரின் பாட்டுகள், அவர் பெயரையே கேட்டிராத வெள்ளையர் பலருக்குத் தம் முன்னோர் சொத்தாயின. இதனை எழுதும்போது நமக்குச் சினமும் பெருமிதமும் ஒருங்கே எழுகின்றன. பறையின் அடியைத் திருவிழாவுக்குக் கேட்டுவிட்டு, அடித்தவரைத் தெருக்கோடியில் நிறுத்தியவர்கள் நடுவே வளர்ந்தவர்கள் அல்லவா நாம்!

அவர் சொந்த மக்களும் அதனைக் காத்தனர். உறவினராகிய போய்செக் ஆர்டுவான் அக்கார்டியனோடும், முன்னர்க் குறித்த கான்ரே பான்டனோ பிடிலோடும் 1966இல் நியூபோர்ட்டு நாட்டுப்புற இசை விழாவில் தோன்றினர். 1986இல் இருவருக்கும் அந்நாட்டின் மரபுக் கலை விருது கிடைத்தது. ஓபலூசாசு நகருக்கு அருகே 1925இல் பிறந்த கிளிப்டன் செனியே பெரிய பியானோ அக்கார்டியனை எடுத்துக்கொண்டு, சலவைப் பலகை போன்ற நெளிதகட்டை மார்பில் மாட்டி உரசும் துணைக்கருவியோடு, சைடகோ என்னும் இசைவகையை உலகறியச் செய்தார். அப்பெயர் பிரெஞ்சு மொழியில் அவரைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பர். இறைச்சி போட வழியின்றி, அவரையில் உப்புங்கூட இல்லை என்ற ஏழைகளின் சொல்வழக்கு அது. கஞ்சிக்கு உப்பில்லாத வீட்டிலிருந்து ஓர் இசைக்குப் பெயர் பிறந்ததை நம் தாய்மார் நன்கு உணர்வர். செனியே 1987இல் மறைந்தார்.

ஆர்டுவானின் முப்பத்து நான்கு பாட்டுகளும் 2011இல் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. லூசியானாவின் கவிஞர்களும் இசைவாணர்களும் முயன்று பொருள் திரட்டி, 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், அவர் பிறந்த நாளன்று, ஓபலூசாசு நகரில் அவருக்குச் சிலை நிறுவினர். அதற்கு முன்னரே, அவர் உடலின் எஞ்சிய பகுதியை எடுத்துப் பிறந்த மண்ணுக்குக் கொண்டுவரும் விருப்பம் அவர்களுக்கு இருந்தது. பைன்வில் இடுகாட்டின் கறுப்பர் பகுதியில் எந்தக் குழி அவருடையது என்பது கண்டறியப்படவில்லை. எனவே சிலை மட்டுமே எழுந்தது.